கோட்டையூர் தந்த கொடை வள்ளல்

படிப்பை முடிச்சதும் எங்கே போறதுங்கிற கேள்வி நம்ம எல்லாருக்கும் உண்டு. திருப்பூரா, கோவையா, சிங்கப்பூரா? இந்தக் கேள்வி நம்ம செட்டிநாட்டுச் சீமைக்குப் புதுசு இல்லை. அந்தக் காலத்தில் மீசை முளைக்காத பையன்களே பெட்டியடிப் பையன்களாகப் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறினார்கள். 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததும் அந்த வழியும் அடைபட்டது. ஊரில் பெரிய பெரிய வீடுகள் இருந்தன, வேலைதான் இல்லை. இதற்கு உள்ளூரிலேயே வழி தேடிய ஒருவரைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

கோட்டையூரில் 1909 ஏப்ரல் 6-ல் பிறந்தவர் வள்ளல் அழகப்பச் செட்டியார். சென்னை மாநிலக் கல்லூரியில் எம்.ஏ. முடித்து, லண்டன் போய் பாரிஸ்டர் ஆனார். அங்கேயே விமானம் ஓட்டவும் கத்துக்கிட்டார் என்றால் பாருங்களேன்! திரும்பி வந்து ஜவுளியில் இறங்கினார். திருச்சூர் பக்கம் அவர் நூற்பாலை வைத்த இடத்துக்கு இன்றும் அழகப்பா நகர் என்றுதான் பெயர். ஜுபிடர் ஏர்வேஸ் என்று விமானக் கம்பெனியே நடத்தினார். சர் பட்டமும் வந்தது.

சம்பாதிச்சவங்க எத்தனையோ பேர். இவர் அதை எங்கே போட்டார் என்பதுதான் விஷயம். சென்னையில் ஏ.சி. டெக் என்கிறோமே, அந்த ஏ.சி. இவர் பெயர்தான். 1947-ல் சென்னையில் நடந்த அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழாவில், துணைவேந்தர் லட்சுமணசுவாமி முதலியார் புதிய கல்லூரிகள் தொடங்கச் செல்வந்தர்கள் முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அழகப்பர் அங்கேயே ஒரு லட்சம் அறிவித்தார். அதே ஆண்டு காரைக்குடி காந்தி மாளிகையில் கல்லூரி தொடங்கிவிட்டது.

என்னைக் கேட்டால், கல்லூரியைவிடப் பெரிய காரியம் சிக்ரி எனும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்தான். இந்த மாதிரி நிலையங்கள் பெருநகரங்களுக்குத்தான் போகும். அவரோ 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, இந்த வறண்ட பூமிக்கு அதைக் கொண்டுவந்தார். அன்றைய 15 லட்சம் என்பதை மறந்துடாதீங்க. 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கலன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். துருப்பிடிப்பது, முலாம் பூசுவது, பேட்டரி என்று நம்ம பாடப் புத்தகத்தில் ஒரு பக்கத்தில் முடிகிற சங்கதிகளே அங்கே முழுநேர ஆராய்ச்சி. சூரிய சக்தியைச் சேமிக்கவும் மின்சார வண்டி ஓடவும் பேட்டரிதானே வேண்டும்? உலகமே இப்போது தேடுகிற பொருளுக்கு நம்ம ஊர்க்காரர் அன்றைக்கே இடம் போட்டுவிட்டார்!

1952-ல் பொறியியல் கல்லூரி வந்தது. பெண்கள் கல்லூரி, பயிற்சிக் கல்லூரி, பாலிடெக்னிக், உடற்பயிற்சிக் கல்லூரி என்று வரிசையாக அவர் பெயரில் உண்டு. இத்தனையும் செய்த காலத்தில் அவர் உடம்பு நோயால் நைந்துகொண்டிருந்தது, பணமும் கரைந்துகொண்டிருந்தது. 1956-ல் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1957 ஏப்ரல் 5-ல் காலமானார். 48 வயது நிறைய ஒரே ஒரு நாள்தான் பாக்கி.

அவர் போட்ட வித்து 1985-ல் அழகப்பா பல்கலைக்கழகம் ஆனது. ஒரு காலத்தில் பிள்ளைகளைக் கப்பலேற்றி அனுப்பிய சீமைக்கு இன்று படிக்கவும் ஆராய்ச்சி செய்யவும் வெளியூர்ப் பிள்ளைகள் பஸ்ஸிலும் ரயிலிலும் வந்து இறங்குகிறார்கள்.