மாணிக்கவாசகர்

மாணிக்கவாசகர் சைவ சமயக் குரவர் நால்வருள் ஒருவர். இவர் இயற்றிய திருவாசகமும் திருக்கோவையாரும் எட்டாம் திருமுறையாகத் தொகுக்கப்பட்டுள்ளன. மேலூருக்கு அருகிலுள்ள திருவாதவூரில் பிறந்தமையால் வாதவூரர் எனவும் அழைக்கப்படுகிறார். இவரது காலம் குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. மறைமலை அடிகள் 3ஆம் நூற்றாண்டு என்றார். திருக்கோவையாரில் வரகுண பாண்டியன் குறிப்பிடப்படுவதைக் கொண்டு, 9ஆம் நூற்றாண்டு என்போரே இன்று மிகுதி.

அமைச்சுப் பணி

இவரது வரலாற்றைத் திருவாதவூரடிகள் புராணமும் திருவிளையாடற் புராணமும் விரிவாகக் கூறுகின்றன. அவற்றின்படி, இளமையிலேயே கல்வியில் சிறந்த இவரை அரிமர்த்தன பாண்டியன் அமைச்சராக்கி, தென்னவன் பிரமராயன் என்னும் பட்டம் அளித்தான். பின்னர், கடல்வழி வந்திறங்கிய குதிரைகளை வாங்கிவரப் பெரும்பொருள் கொடுத்துக் கீழைக் கடற்கரைப் பக்கம் அனுப்பினான். வழியில் திருப்பெருந்துறையில் (இன்றைய ஆவுடையார்கோயில்) குருந்த மரத்தடியில் குருவடிவில் இருந்த சிவனிடம் உபதேசம் பெற்ற வாதவூரர், குதிரைப் பணம் முழுவதையும் கோயில் திருப்பணிக்குச் செலவிட்டார்.

பாண்டிய நாட்டில் குதிரை

இது எத்தகைய குற்றம் என்பதை உணர, அக்காலக் குதிரை வாணிகத்தை அறிதல் வேண்டும். போர்க்குதிரைகள் அரபு, பாரசீக நாடுகளிலிருந்தே கப்பலில் வந்தன. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வாங்கப்பட்ட குதிரைகளுள் மிகச் சிலவே ஆண்டு முடிவில் எஞ்சின என்கிறார். வெப்பமும், சோறும் இறைச்சியும் கலந்த தீனியும், பராமரிப்பு அறியாமையுமே காரணங்கள். குதிரை மருத்துவர் எவரையும் வணிகர்கள் இங்கு வரவிடவில்லை என்றும் அவர் எழுதியுள்ளார். குதிரைகள் மடிந்தால்தானே வாணிகம் நடக்கும்! பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், குதிரை ஒன்றுக்கு 220 தினார் விலை எனவும், கடலில் இறந்தவற்றுக்கும் அவ்விலை தரப்பட்டது எனவும் குறிக்கிறார். இவை பிற்காலச் செய்திகளாயினும், புராணத்தில் வரும் பாண்டியனின் சினத்தை விளக்க உதவுகின்றன.

நரியும் பரியும்

ஓலை அனுப்பி அழைக்கப்பட்ட வாதவூரர், ஆவணி மூலத்தன்று குதிரைகள் வரும் என்றார். சிவன் காட்டு நரிகளைக் குதிரைகளாக்கி, தாமே வணிகர் தலைவராக மதுரைக்கு ஓட்டிவந்தார். மன்னன் முன்னிலையில் அவற்றை ஐவகைக் கதிகளிலும் நடத்திக் காட்டிய பின் கயிறு மாற்றப்பட்டது. கயிறு மாறினால் விற்றவருக்குப் பொறுப்பில்லை என்பது குதிரைச் சந்தை வழக்கு. அன்றிரவே அவை மீண்டும் நரிகளாகி, இலாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் கொன்று ஓடின. உள்ளதும் போன மன்னன், வாதவூரரை வைகையின் சுடுமணலில் நிறுத்தி ஒறுத்தான். வைகை பெருக்கெடுத்தது. கரையடைக்க, வந்தி என்னும் முதியவளின் கூலியாளாகப் பிட்டுக்கு மண் சுமந்த சிவன் பிரம்படி பட, அது மன்னன் மேலும் விழுந்தது. உண்மை உணர்ந்த மன்னன் வாதவூரரை விடுவித்தான்.

இக்கதையைப் புராணப் புலவர்களின் கற்பனை என்று ஒதுக்கிவிட இயலாது. நரி குதிரையான செய்தி திருவாசகத்திலேயே உள்ளது. அப்பர் தேவாரத்திலும் ஒரு குறிப்பு உண்டு. இவரை அப்பருக்கு முற்பட்டவர் என்போர் காட்டும் முதன்மைச் சான்று அதுவே.

பிற்காலம்

பதவி துறந்த இவர் உத்தரகோசமங்கை, திருவண்ணாமலை முதலிய தலங்களை வணங்கித் தில்லை சேர்ந்தார். அங்கு ஈழத்துப் பௌத்தர்களை வாதில் வென்றார் என்றும், இறைவனோடு இரண்டறக் கலந்தார் என்றும் கூறுவர். குருபூசை நாள் ஆனி மகம். 51 பகுதிகள் கொண்ட திருவாசகத்தை ஜி. யு. போப் 1900இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார்.

மதுரை ஆவணி மூலத் திருவிழாவில் நரியைப் பரியாக்கிய லீலையும், வைகைக் கரையிலுள்ள புட்டுத்தோப்பில் மண் சுமந்த லீலையும் நிகழ்த்தப்படுகின்றன. அதற்காகத் திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகர் மதுரைக்கு எழுந்தருளுகிறார்.