நல்லாசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள்

ஆசிரியராவார் எத்தகையர் என்பதனைப் பவணந்தி முனிவர் தம் நன்னூலின் பாயிரத்திலே விரித்துரைத்திருக்கின்றார். நிலம், மலை, துலாக்கோல், மலர் என்னும் நான்கனையும் நல்லாசிரியர்க்கு உவமையாக ஓதிய அவர், ஆசிரியராகத் தகாதவர்க்கும் நான்கு உவமைகள் கூறி, இருபாலாரையும் அருகருகே நிறுத்திக் காட்டினார். தமிழ் கற்றோர் அவற்றை மனப்பாடமாக ஒப்பித்தல் எளிது. ஆயினும் இலக்கணத்திற்கு ஓர் இலக்கியம் வேண்டுமன்றோ? சென்ற நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டிலே சோழநாட்டில் வாழ்ந்த ஒரு பெரியாருடைய வரலாற்றை அதன்பொருட்டு ஈண்டு எழுதப் புகுந்தேன்.

மாரண்டஹள்ளியிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் உள்ள நம் சங்கத்துக் குடும்பத்தார்க்கு இவ்வரலாறு ஒரு வகையில் மிக நெருங்கியது. வீட்டிலே தெலுங்கோ கன்னடமோ கேட்டு வளர்ந்து, பள்ளியிலே தமிழைக் கற்கும் சிறுவர் சிறுமியர் நம் பகுதியிற் பலர். அவர்க்கு மொழியைக் கொடுப்பவர் புத்தகம் எழுதினவரல்லர். எதிரே நிற்கும் ஆசிரியரே. குழந்தையைப் பள்ளியிற் சேர்க்குங்கால் நாம் கட்டடத்தைப் பார்க்கின்றோம். வண்டி வசதியை வினவுகின்றோம். சென்ற ஆண்டின் தேர்ச்சியைக் கேட்கின்றோம். பாடஞ் சொல்பவர் யார், எங்ஙனம் சொல்லுகின்றார் என்று கேட்பவர் அரியர்.

பிள்ளையவர்கள் 1815ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 6ஆம் நாள், திரிசிரபுரத்தை அடுத்த அதவத்தூரிலே, சிதம்பரம் பிள்ளைக்கும் அன்னத்தாச்சியார்க்கும் புதல்வராகத் தோன்றினார். தந்தையார் மதுரையிலிருந்து வந்தவர். ஆதலின் மதுரைப் பெருமானுடைய திருநாமமே மைந்தர்க்கு வாய்த்தது. தந்தையாரே முதலாசிரியர். அவர் இளமையிலேயே தம் மைந்தரை விட்டு மறைந்தமையால், பதினைந்து வயதளவினராகிய பிள்ளையவர்கள் குடும்பச் சுமையையும் கல்வி வேட்கையையும் ஒருங்கே தாங்க நேர்ந்தது. ஒரே ஆசிரியரிடம் பல்லாண்டு இருந்து கற்கும் வாய்ப்பு அவர்க்கில்லை. திரிசிரபுரத்தில் யாரிடம் எந்நூல் உளதென்று கேட்டறிந்து, ஒவ்வொருவரிடமும் சிறிது சிறிதாகச் சென்று கற்றுக்கொண்டார். பின்னர்ச் சென்னைக்குச் சென்று, அங்கிருந்த வித்துவான்களிடமும் தமக்கிருந்த ஐயங்களைத் தீர்த்துக்கொண்டார்.

தண்டியலங்காரம் கற்ற வரலாறு கேட்கத் தக்கது. அந்நூலை நன்கு பயின்ற பரதேசி ஒருவர் திரிசிரபுர வீதிகளிற் பிச்சை ஏற்றுத் திரிந்தனர். எளிதிற் பாடஞ் சொல்லும் இயல்பினர் அல்லர். பிள்ளையவர்களோ அவர் பிச்சைக்குச் செல்லும் தெருக்களிலெல்லாம் உடன்சென்று, அவர் விரும்பியவற்றை வாங்கிக் கொடுத்து, அவர் மனம் நெகிழ்ந்த வேளைகளிலே நூலைக் கேட்டுத் தம்முடையதாக்கிக்கொண்டார். கௌரவமுள்ள குடும்பத்து இளைஞர் ஒருவர் பரதேசியின் பின்னே நடப்பதைக் கண்டோர் நகைத்திருத்தல் கூடும். பிற்காலத்தில் அவர் தம்மை நாடிவந்த எந்த மாணாக்கனையும், குலமும் வறுமையும் நோக்கி, வாயிலிலே நிறுத்தி வைக்காமைக்கு இவ்வனுபவமே மூலகாரணம் என்று யான் கருதுகின்றேன். கல்விக்காகப் பிறர் வாயிலிற் காத்து நின்றவர்க்கே காத்து நிற்றலின் துன்பம் தெரியும்.

திரிசிரபுரத்தில் இருந்த காலத்திலேயே மாணாக்கர் கூட்டம் அவரைச் சூழத் தொடங்கிற்று. 1860ஆம் ஆண்டில், இந்நாளில் மயிலாடுதுறை என வழங்கும் மாயூரத்திற்குக் குடியேறினார். திருவாவடுதுறை ஆதீனத்தின் வித்துவானாக விளங்கி, மகாவித்துவான் என்னும் பட்டத்தை அவ்வாதீனத் தலைவராகிய அம்பலவாண தேசிகர்பால் பெற்றார். அவருக்குப் பின்வந்த சுப்பிரமணிய தேசிகரும் பிள்ளையவர்களைப் பெரிதும் போற்றினர். இருபதுக்கு மேற்பட்ட தலபுராணங்களும், சேக்கிழார் பிள்ளைத்தமிழ் முதலிய பிள்ளைத்தமிழ் நூல்களும், அந்தாதி, கலம்பகம், கோவை முதலிய பிரபந்தங்களும் அவர் இயற்றியவை. ஏட்டையும் எழுத்தாணியையும் மாணாக்கர் ஒருவர் ஏந்தியிருக்க, இடையீடின்றிச் செய்யுட்களைச் சொல்லிக்கொண்டே போவார். எழுதுவோர் கைதான் சலிக்கும். இந்நூல்களுட் பெரும்பாலன இன்று படிப்பாரின்றிக் கிடக்கின்றன. அதனைக் குறித்து வருந்துவோர் வருந்துக. அவர் பெயரை நிலைநிறுத்தினோர் அவர் மாணாக்கரே.

அம்மாணாக்கர் வரிசையைச் சிறிது நோக்குவோம். பூவாளூர்த் தியாகராச செட்டியார் கும்பகோணம் அரசாங்கக் காலேஜில் தமிழாசிரியராக அமர்ந்து புகழ்பெற்றவர். சவராயலு நாயகர் கிறிஸ்தவர். நாகூர்க் குலாம்காதிறு நாவலர் முஸ்லிம். மாயூரம் முனிசீப்பாக விளங்கிப் பிரதாப முதலியார் சரித்திரம் எழுதிய வேதநாயகம் பிள்ளையும் கிறிஸ்தவரே. அவர் நண்பராகவும் மாணாக்கராகவும் பழகினார். அவர்மீது பிள்ளையவர்கள் குளத்தூர்க் கோவை பாடினார். சைவ மடமொன்றின் தலைமை வித்துவான், நாள்தோறும் திருநீறு அணிந்து சிவபூசை செய்பவர், இவர்களுக்கெல்லாம் ஒரே நிலையிற் பாடஞ் சொன்னார். சமயம் கடந்த சமாதானம் என்று இதனைப் பெரிதாக அவர் பறைசாற்றவில்லை. தமிழ் கேட்டவர்க்குத் தமிழ் கொடுத்தார், அவ்வளவே.

அக்காலத்துச் சாதியாசாரங்களை அவர் தகர்த்தார் என்று எழுதினால் அது பொய்யாகும். பிராமண மாணாக்கர் அவர் வீட்டில் உண்பதில்லை. ஏனைய மாணாக்கர் பலர் அவர் வீட்டிலேயே உண்டு உறைந்தனர். ஆயினும் அவ்வேலியைக் காரணமாகக் காட்டி ஒருவனைப் பட்டினி கிடக்க விடுவதும் அவர் மனத்திற்குப் பொருந்தவில்லை. தாம் செல்லும் ஊர்தோறும் பிராமண மாணாக்கனுக்கு அவ்வூர் அக்கிரகாரத்தில் உணவு கிடைக்கின்றதா என்று விசாரித்து ஏற்பாடு செய்வதைத் தம் கடமைகளுள் ஒன்றாக வைத்திருந்தார். சாதிச் சங்கங்களின் வழியே கல்வியை வளர்க்க முயலும் நம்மவர், தம் குலத்தவரல்லாத மாணாக்கர்பால் அப்பெரியார் காட்டிய இக்கவலையையும் நினைத்துப் பார்த்தல் நன்று.

அங்ஙனம் அவர் கவலையேற்ற மாணாக்கருள் தலைசிறந்தவர், உத்தமதானபுரம் வேங்கடசுப்பையரின் மைந்தராகிய சாமிநாதையர். 1871ஆம் ஆண்டில், பதினாறு வயதில், தந்தையாருடன் மாயூரம் வந்து பிள்ளையவர்களைக் கண்டார். பிள்ளையவர்கள் உடனே இசைந்துவிடவில்லை. வருவோர் பலர் சின்னாள் இருந்து, சிறிது கற்றவுடன் நீங்கிவிடுகின்றனர் என்னும் மனக்குறை அவர்க்கு இருந்தது. இளைஞரைச் சில செய்யுட்கள் சொல்லச் செய்து, பொருள் வினவி, நிகண்டு மனப்பாடம் உண்டா என்று சோதித்த பின்னரே ஏற்றுக்கொண்டார். மாணாக்கன் கேட்ட நூலெல்லாம் கற்பிப்பேன் என்று வீண் வாக்குறுதி கொடுப்பவரினும், அவன் நிலைத்திருப்பானோ என்று முதலில் ஐயுறுபவர் மேலானவர்.

ஏற்றுக்கொண்ட பின்னரும் பாடம் எளிதில் வாய்த்துவிடவில்லை. தொடக்கத்தில் நைடதத்தைப் பழைய மாணாக்கராகிய சவேரிநாத பிள்ளையிடம் கேட்கும்படி சொல்லப்பட்டது. சாமிநாதையருக்கோ ஆசிரியர் வாயாலேயே கேட்க வேண்டுமென்னும் தாகம். பிள்ளையவர்களுக்குத் தோட்டத்திலே பேரன்பு. தம் வீட்டில் வைத்த மரங்களும் செடிகளும் தளிர்க்கின்றனவா என்று காலைதோறும் சென்று பார்ப்பார். இதனையறிந்த மாணாக்கர் விடியுமுன் எழுந்து, புதிய தளிர்களை எண்ணி வைத்துக்கொண்டு, ஆசிரியர் வந்தவுடன் ஒவ்வொன்றாகக் காட்டுவார். ஆசிரியர் உள்ளம் மலரும். அம்மலர்ச்சியைப் பற்றிக்கொண்டு ஒருநாள் தம் விருப்பத்தை வெளியிட, நேரே பாடஞ் சொல்லுதல் தொடங்கிற்று.

இந்நிகழ்ச்சியைப் பலர் மாணாக்கரின் சாமர்த்தியத்திற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லி மகிழ்வர். யானோ இதனை ஆசிரியரிடத்துக் குறையென்றே கொள்வேன். ஏறுவார்க்கு இடங்கொடாமல், தானாக வீழ்த்தினாலன்றிப் பழங்கொடாத மடற்பனையை நன்னூலார் தகாத ஆசிரியர்க்கு உவமை கூறினர். அவ்வொரு சில வாரங்களில் பிள்ளையவர்களும் அப்பனையை ஒரு சிறிது ஒத்திருந்தார். தளிரெண்ணத் தெரியாத, நாணமுடைய, வாய்பேசாத சிறுவன் ஒருவன் அங்கே வந்திருந்தால் அவன் கதி யாதாயிருக்கும்? நம் ஊர்ப் பள்ளிகளில் வேற்றுமொழி வீட்டிலிருந்து வந்து, தமிழிற் கேள்வி கேட்க வாய் கூசிக் கடைசிப் பலகையில் அமர்ந்திருக்கும் குழந்தையை நினைக்குந்தோறும் இக்கேள்வி எனக்கு எழுகின்றது. பெரியோர் வரலாற்றில் குறையையும் உள்ளவாறு கூறுதல் அவர்க்கு இழுக்கன்று.

ஒருமுறை தொடங்கியபின் அவர் கொடை பெருவெள்ளம். நூல்கள் பெரும்பாலும் நினைவிலேயே இருந்தமையால் ஏடு கையில் இல்லாத குறை அவரைத் தடுக்கவில்லை. தம் புலமையைக் காட்டும்பொருட்டுப் பாடத்தைக் கிளை கிளையாக விரித்து மாணாக்கனை மயக்கும் வழக்கம் அவரிடம் இல்லை. வேண்டிய அளவு சொல்லி, விளங்கியதை அறிந்து, மேலே செல்வார். சில நாட்களில் பல பத்துச் செய்யுட்கள் ஒரே அமர்விலே நடக்கும். பட்டீச்சுரத்திற்கோ திருவாவடுதுறைக்கோ சென்றால் பாடமும் உடன் செல்லும். வழியிலும் நடக்கும், மரநிழலிலும் நடக்கும். மாணாக்கர் எழுதிய செய்யுளைத் திருத்துங்கால் எள்ளி நகையாடுதல் கிடையாது. சம்பளம் என்று ஒரு காசும் வாங்கியதில்லை. புராணம் பாடிப் பெற்ற பொருளெல்லாம் மாணாக்கர் உணவிலும் வந்தோர் உபசாரத்திலும் கரைந்து, வாழ்நாள் முழுதும் கடன் அவரை விட்டு நீங்கவில்லை. ஊரார் புகழ்ந்து பேசிவிட்டுச் சென்ற மாலைகளில் அவ்வீட்டுப் பெண்மக்கள் அடுப்படியில் என்ன செய்தனரோ! அவர் மனைவியார் காவேரியாச்சியின் பொறுமையை எழுதுவார் இல்லை.

1876ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள், திருவாவடுதுறையிலே, வைகறையில் பிள்ளையவர்கள் சிவபதம் அடைந்தார். இறுதி வேளையிலும் சவேரிநாத பிள்ளையும் சாமிநாதையரும் உடனிருந்தனர். ஆசிரியர் குறிப்பறிந்து திருவாசகத்தின் அடைக்கலப்பத்தைச் சாமிநாதையர் படித்துக்கொண்டிருந்தார். வயது அறுபத்தொன்று நிரம்பவில்லை.

நான்காண்டு கழித்து, 1880ஆம் ஆண்டில், தியாகராச செட்டியார் ஓய்வு பெறுங்கால் தம் ஆசிரியரின் இளைய மாணாக்கரைக் கும்பகோணம் காலேஜில் தம் இடத்தில் அமர்த்துவித்தார். அவ்வாண்டிலேயே நம் பகுதியினர் அறிந்து பெருமை கொள்ளத்தக்க நிகழ்ச்சி ஒன்று நடந்தது. 1965ஆம் ஆண்டில் தருமபுரி தனி மாவட்டமாகும்வரை நம் மாரண்டஹள்ளியும் சேலம் ஜில்லாவைச் சேர்ந்ததே. அச்சேலத்தைச் சார்ந்த இராமசுவாமி முதலியார் கும்பகோணத்திற்கு முனிசீப்பாக வந்திருந்தார். அவர் சாமிநாதையரை நோக்கி என்னென்ன நூல்கள் கற்றீர் என்று வினவ, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை, புராணம் என நெடுநேரம் அடுக்கினார். முதலியார் முகத்தில் வியப்பே தோன்றவில்லை. இவற்றிற்கு முந்திய பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். இல்லையென்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது. பின்னர் முதலியாரே சிந்தாமணிப் பிரதி ஒன்றைக் கொணர்வித்துக் கொடுத்தார்.

தமிழகத்தின் மாபெரும் ஆசிரியரிடம் ஐந்தாண்டு கற்ற மாணாக்கர் சங்க நூல்களை அறிந்திலர் என்பது இதனாற் புலனாகின்றது. அந்நூல்கள் அக்காலத்து வழக்கிலிருந்து பெரிதும் மறைந்திருந்தன. பிள்ளையவர்கள் தமக்குத் தெரிந்ததையே கற்பித்தார். ஆயினும் சிந்தாமணியைக் கையிலெடுத்த சாமிநாதையர் திகைத்தாரேயன்றித் தளர்ந்தாரல்லர். விளங்காத இடத்தை விளங்காதது என்று அறியும் நேர்மையும், கேட்டறிய யாரிடமும் செல்லும் பணிவும், ஆயிரக்கணக்கான செய்யுட்களால் உரம்பெற்ற செவியும் அவர்க்கு முன்பே வாய்த்திருந்தன. கும்பகோணத்துச் சைனர் வீடுகளுக்குச் சென்று அவர்கள் சமயக் கருத்துக்களை அவர் கேட்டறிந்தது, பரதேசியின் பின்னே பிள்ளையவர்கள் நடந்ததையே ஒத்தது. 1887இல் சிந்தாமணியும், 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும், 1898இல் மணிமேகலையும் அவராலே அச்சேறி வெளிவந்தன.

இத்தனைக்கும் பின்னர், எழுபத்தெட்டு வயதை எட்டிய காலத்தில், 1933, 1934ஆம் ஆண்டுகளில், சாமிநாதையர் தம் ஆசிரியர் வரலாற்றை இரண்டு பாகங்களாக எழுதி வெளியிட்டார். திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த வீட்டிற்கு அவர் இட்ட பெயர் தியாகராச விலாசம். வேலை வாங்கித் தந்த செட்டியாரின் பெயர் அது. அவ்வீடு 2012ஆம் ஆண்டில் இடிக்கப்பட்டது. பிள்ளையவர்கள் வரலாற்று நூல் இன்றும் கிடைக்கின்றது. நம் அங்கத்தினர் வீடுகளில் ஆசிரியத் தொழிலுக்குப் பயிலும் இளைஞரும் பெண்களும் இருப்பின், அவர்கட்கு ஒரு பிரதி வாங்கிக் கொடுக்கலாம்.