வளைவை நேராக்கியவர்

ஒரு முனை பிணைக்கப்பட்ட கோலை அசைத்தால், மறுமுனை வட்டப்பாதையிலேயே நகரும். அத்தகைய கோல்களை மட்டும் இணைத்து, நேர்க்கோட்டில் இயங்கும் ஒரு புள்ளியைப் பெற இயலுமா? இவ்வினாவிற்கு விடை கண்டவர் ஜேம்ஸ் வாட். நீராவி எந்திரத்தால் உலகப் புகழ் பெற்ற அவர், தம் பொறியியல் படைப்புகளுள் இவ்விடையையே பெரிதும் போற்றினார்.

ஸ்காட்லாந்தின் கிரீனாக் என்னும் துறைமுக நகரில் 1736 ஜனவரி 19 அன்று வாட் பிறந்தார். உடல்நலக் குறைவால் இளமைக் கல்வியின் பெரும்பகுதியை வீட்டிலேயே பெற்றார். கப்பல் தச்சரான தந்தையின் பட்டறையில் கருவிகளைக் கையாளப் பழகினார். இலண்டனில் ஓராண்டு அளவைக் கருவிகள் செய்யும் தொழிலைக் கற்றபின், 1757இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பட்டறை அமைத்தார்.

அங்குப் பழுதுபார்க்க வந்த நியூகோமன் எந்திர மாதிரியொன்று அவர் வாழ்வின் திசையை மாற்றியது. ஒவ்வோர் அசைவிலும் உருளையைக் குளிர்வித்து மீண்டும் சூடாக்குவதால் எரிபொருள் வீணாவதை உணர்ந்தார். நீராவியைக் குளிர்விக்கத் தனிக்கலன் வேண்டும் என்னும் எண்ணம் 1765இல் பிறந்தது. 1769இல் காப்புரிமையும் கிடைத்தது. ஆயினும், பிசகின்றிக் கடைந்த உருளை கிடைக்காமையால் எண்ணம் எந்திரமாகவில்லை. கடன் பெருகியது, பிழைப்பிற்காகக் கால்வாய்களுக்கு நிலம் அளந்தார். 1773இல் மனைவியையும் இழந்தார். 1775இல் மேத்யூ போல்டன் தொழில் பங்காளரானார். ஜான் வில்கின்சன் உருளைகளைத் துல்லியமாகக் கடைந்து தந்தார். எந்திரம் வெற்றி பெற்றது.

அவ்வெற்றியே புதிய இடரையும் கொணர்ந்தது. எந்திரத்தின் மேல், நம் ஊர்க் கிணற்றேற்றத்தின் துலாவைப் போன்ற விட்டம் ஒன்று ஏறியிறங்கும். உந்துதண்டு அதனைச் சங்கிலியால் கீழே இழுத்தது. இருபுறமும் நீராவி செலுத்தும் எந்திரத்தை வாட் உருவாக்கியபோது, தண்டு விட்டத்தை மேலே தள்ளவும் வேண்டியிருந்தது. சங்கிலி இழுக்குமேயன்றித் தள்ளாது. உறுதியான தண்டை நேரடியாகப் பிணைத்தாலோ, வளைந்து செல்லும் விட்டத்தின் முனை அதனைப் பக்கவாட்டில் இழுத்துக் கோணலாக்கிவிடும்.

1784இல் வாட் தீர்வு கண்டார். எதிரெதிர்ப் பக்கங்களிலிருந்து வரும் இரு நீண்ட சட்டங்களை நடுவே ஒரு குறுஞ்சட்டத்தால் இணைத்தார். ஒரு சட்டத்தின் வளைவை மற்றதன் எதிர்வளைவு ஈடுசெய்தது. குறுஞ்சட்டத்தின் நடுப்புள்ளி ஏறத்தாழ நேராக ஏறியிறங்கியது. முழுமையான நேர்க்கோட்டைத் தரும் பிணைப்பைப் பிரெஞ்சுப் பொறியாளர் போசெலியே 1864இல் தந்தார். எனினும், குறைந்த சட்டங்களால் தேவையை நிறைவுசெய்த வாட்டின் அமைப்பு வழக்கொழியவில்லை.

சிவகாசிப் பட்டாசுப் பெட்டிகளுடன் விருதுநகர்ச் சாலையில் விரையும் சரக்குந்தின் பின்னச்சைத் தகட்டுவில்கள் பக்கவாட்டில் நகராமல் பிடித்துக்கொள்கின்றன. சுருள்வில்லோ சுமையைத் தாங்குமேயன்றி அச்சை அவ்வாறு பிடிக்காது. ஆகவே, சுருள்வில்லுடன் தனித்தேவைக்கேற்ப வண்டி வடிப்போர் சிலர் வாட்டின் பிணைப்பை நாடுகின்றனர். குறுஞ்சட்டத்தின் நடுவை அச்சில் சுழலுமாறு பொருத்தி, சம நீளமுள்ள இரு சட்டங்களை வண்டிச் சட்டகத்தின் இருபுறமும் பிணைக்கின்றனர். வண்டி இயல்பான உயரத்தில் நிற்கும்போது அவ்விரு சட்டங்களும் கிடைமட்டமாக இருத்தல் வேண்டும். அந்நிலையிலிருந்து இருபுறமும் சமமாக அசையும்போதே பாதை நேர்மை பெறும்.

1800இல் ஓய்வுபெற்ற வாட், பர்மிங்காமுக்கு அருகிலுள்ள தம் இல்லத்தின் மேல்மாடிப் பட்டறையில் இறுதிவரை கருவிகளுடன் வாழ்ந்து, 1819 ஆகஸ்ட் 25 அன்று மறைந்தார். ஆற்றலின் அலகு அவர் பெயரைத் தாங்குகிறது. 1784ஆம் ஆண்டுக் காப்புரிமையில் நீராவி வண்டியையும் அவர் குறிப்பிட்டிருந்தார். ஆனால், அதனை உருவாக்க முனையவில்லை. முயன்ற தம் உதவியாளர் மர்டாக்கையும் ஊக்குவிக்கவில்லை. அவர் விரும்பாது ஒதுக்கிய வண்டியிலேயே, அவர் பெரிதும் விரும்பிய மூன்று சட்டங்கள் இன்று உழைக்கின்றன.