ஞான சந்திர கோஷ்: பெங்களூருவில் வினையூக்கி ஆய்வை வளர்த்த இவர் யார்?

கிளிசரின் இல்லாத வீடு கிடையாது. சோப்பில் இருக்கும், இருமல் சிரப்பில் இருக்கும். ஆனா பயோடீசல் ஆலைக்காரர்களுக்கு அது தலைவலி. 10 கிலோ பயோடீசல் தயாரித்தால் கிட்டத்தட்ட 1 கிலோ கிளிசரின் கூடவே வந்து நிற்கும். ஹைட்ரஜனோடு சேர்த்து தாமிர வினையூக்கி மேல் செலுத்தினால் அதுவே புரோப்பிலீன் கிளைக்கால் ஆகும். பிளாஸ்டிக் பிசினுக்கும் கூலன்ட்டுக்கும் தேவைப்படும் சரக்கு அது.

இப்படி ஒரு மலிவான பொருளை வினையூக்கி வைத்து விலைபோகும் பொருளாக மாற்றும் ஆய்வை இந்தியாவில் முன்னெடுத்தவர்களில் ஒருவர் ஞான சந்திர கோஷ். 1894இல் புருலியாவில் பிறந்தவர். கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் சத்யேந்திரநாத் போஸ், மேக்நாத் சாஹா ரெண்டு பேரும் இவருடைய வகுப்புத் தோழர்கள்.

20களின் நடுவிலேயே உலகம் கவனித்த ஒரு கோட்பாட்டை வெளியிட்டார். தண்ணீரில் கரைந்த பிறகும் உப்பின் அயனிகள் படிகத்தில் இருந்த மாதிரியே வரிசையாக நிற்கின்றன என்பது அவர் கணக்கு. 1923இல் டிபை, ஹக்கல் இருவரும் வேறு விளக்கம் தந்தார்கள். அதுதான் நிலைத்தது. இன்று பாடப்புத்தகங்களில் நீங்கள் படிப்பது அவர்கள் பெயரைத்தான்.

டாக்கா பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் பாடம் நடத்திவிட்டு, 1939இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு இயக்குநராக வந்தார். பெங்களூருக்காரர்கள் 'டாடா இன்ஸ்டிட்யூட்' என்பார்களே, அதேதான். வந்த வருஷமே உலகப்போர் ஆரம்பித்தது. நம்மிடம் நிலக்கரி நிறைய, பெட்ரோல் கொஞ்சம். கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரஜனையும் வினையூக்கியால் சேர்த்து எரிபொருள் எடுக்கும் ஃபிஷர்-டிராப்ஷ் முறையை அவர் குழு ஆராய்ந்தது. 1942இல் விமானப் பொறியியல் துறையும் அவர் காலத்தில்தான் வந்தது.

நிலக்கரியிலிருந்து பெட்ரோல் எடுக்கும் பெரிய ஆலையை தென்னாப்பிரிக்கா 1955இல் ஓடவிட்டது. கோஷ் உயிரோடு இருந்தவரை இந்தியாவில் அப்படி ஒன்று வரவில்லை. வேலை பெங்களூருவில் நடந்தது, ஆலை எழுந்தது வேறு நாட்டில். என்னைக் கேட்டால், தோற்ற கோட்பாட்டைவிட இதுதான் பெரிய இழப்பு.

1948இல் பெங்களூருவை விட்டுக் கிளம்பினார். ஹிஜ்லி சிறை முகாமில் தொடங்கிய கரக்பூர் ஐஐடிக்கு முதல் இயக்குநர் அவரே. 1959இல் காலமானார்.

அவரோடு அந்த ஆய்வில் இருந்த எம்.வி.சி. சாஸ்திரி பிறகு சென்னை ஐஐடியில் வேதியியல் துறைக்குத் தலைமை தாங்கினார். தேசிய வினையூக்கி ஆய்வு மையம் இப்போது இருப்பதும் அந்த வளாகத்தில்தான்.