சம்பளத்தைத் தொடாமல் 3 ஆண்டு பாடம் நடத்திய ஜெகதீஷ் சந்திரபோஸ்

செடி, கொடிகளுக்கும் உணர்ச்சி உண்டு என்று காட்டிய விஞ்ஞானி ஜெகதீஷ் சந்திரபோசை எல்லோருக்கும் தெரியும். சம்பளத்துக்காக அவர் நடத்திய போராட்டம் பலருக்குத் தெரியாது.

போஸ் 1858-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி பிறந்தார். தந்தை பகவான் சந்திரபோஸ், டெபுடி மாஜிஸ்திரேட்டாக இருந்தவர்.

போஸ் லண்டனில் டாக்டருக்குப் படிக்கப் போனார். அடிக்கடி காய்ச்சல் வந்ததால் அந்தப் படிப்பை விட்டுவிட்டு, கேம்பிரிட்ஜில் விஞ்ஞானம் படித்துப் பட்டம் பெற்றார்.

தாயகம் திரும்பியதும், வைஸ்ராய் ரிப்பன் பிரபுவின் சிபாரிசின் பேரில், கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் 1885-ல் பவுதிகப் பேராசிரியர் வேலை கிடைத்தது. விஞ்ஞானம் கற்பிக்கும் திறமை இந்தியருக்குக் கிடையாது என்று நினைத்த வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு இது பிடிக்கவில்லை.

மூன்றில் ஒரு பங்கு

ஒரே வேலைக்கு அப்போது இரண்டு சம்பளம். வெள்ளையர் வாங்குவதில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. போசின் வேலை தற்காலிகம் என்பதால், அதிலும் பாதிதான் என்றார்கள். அதாவது, வெள்ளைக்காரர் 300 ரூபாய் வாங்கினால் இவருக்கு 100 ரூபாய்.

வீட்டு நிலைமையோ மோசம். தேயிலைத் தோட்டம் போன்றவற்றில் பணம் போட்டு நஷ்டம் அடைந்த தந்தை, கடனில் மூழ்கி இருந்தார். கிடைத்ததை வாங்கிக் கொள்ளலாம். அல்லது வேலையை உதறிவிட்டு வேறு வேலை தேடலாம். போஸ் இரண்டையும் செய்யவில்லை.

வேலையில் நீடித்தார், சம்பளத்தை மட்டும் வாங்க மறுத்தார். வகுப்பில் ஒரு குறையும் வைக்கவில்லை. பாடத்தை விளக்க, மாணவர்களின் கண் எதிரே சோதனைகளைச் செய்து காட்டினார். வேலையை விட்டிருந்தால், இந்தியருக்குத் திறமை இல்லை என்றவர்களின் பேச்சு நிலைத்திருக்கும். குறைந்த சம்பளத்தை வாங்கியிருந்தால், அவரே அதை ஒப்புக்கொண்டதாக ஆகியிருக்கும்.

படகுப் பயணம்

1887-ல் போசுக்கும் அபலா தாசுக்கும் திருமணம் நடந்தது. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பெண்களைச் சேர்க்காத காலத்தில், சென்னைக்கு வந்து மருத்துவம் படித்தவர் அபலா. உடல்நலக் குறைவால் படிப்பைப் பாதியில் நிறுத்த நேர்ந்தது.

கையில் சம்பளம் இல்லாததால், தம்பதிகள் கல்கத்தாவை விட்டு சந்திரநாகூரில் குடியிருந்தார்கள். போஸ் படகில் ஹூக்ளி ஆற்றைக் கடந்து கல்லூரிக்குப் போவார். படகை அபலா திரும்ப ஓட்டி வருவார்.

இப்படியே 3 ஆண்டுகள் ஓடின. எதிர்த்த அதிகாரிகளே கடைசியில் மனம் மாறினார்கள். போசின் வேலை நிரந்தரம் ஆக்கப்பட்டது. முழுச் சம்பளம், வேலையில் சேர்ந்த நாளில் இருந்து கணக்கிட்டு மொத்தமாகத் தரப்பட்டது.

அந்தப் பணம் முழுவதும் தந்தையின் கடன்காரர்களுக்குப் போயிற்று. குடும்பச் சொத்தை விற்றும் தீராமல் இருந்த கடன் அது.

அதே கல்லூரியில் ஒரு சிறு அறையைப் பரிசோதனைக் கூடமாக்கி, கம்பியில்லா மின் அலைகளை ஆராய்ந்தார். 1915-ல் ஓய்வு பெறும் வரை அங்கேயே பணியாற்றினார். 1917-ல், தமது பிறந்த நாள் அன்று, கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார்.

1937-ம் ஆண்டு நவம்பர் 23-ந் தேதி, கிரிடி என்ற ஊரில் போஸ் காலமானார்.