குழந்தைகளின் அறிவை அளந்த ஆல்பிரட் பினே

தேர்வு முடிவு வெளிவரும் மாலைப்பொழுதை நாம் யாவரும் நன்கு அறிவோம். அறிவிப்புப் பலகையின் முன் ஒரே கூட்டம். தன் எண்ணைக் கண்டவள் துள்ளிக் குதிக்கிறாள். காணாதவள் தலை கவிழ்ந்து ஒதுங்குகிறாள். எட்டாம் வகுப்பில் நாம் எழுதிய தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வின் முடிவு வந்தபோதும் இதே காட்சிதான். நம் தோழியருள் ஒருத்தி அன்று வெகுநேரம் அழுதாள். உதவித்தொகை போயிற்றே என்பதைவிட, தான் அறிவில் குறைந்தவள் என்று தேர்வே தீர்ப்புக் கூறிவிட்டதே என்பதுதான் அவளுடைய பெருந்துயரம்.

அவள் எண்ணியது சரிதானா? ஒரு தேர்வு தரும் எண், நம்மைப் பற்றி உண்மையில் எதைச் சொல்கிறது? எதைச் சொல்லவில்லை? இவ்வினாக்களுக்கு விடை தேடிப் புறப்பட்டால், நூறு ஆண்டுகளுக்கு முன் பாரிஸ் நகரில் வாழ்ந்த ஒரு பேரறிஞரின் வாசலில் போய் நிற்போம். நாம் எழுதிய மனத்திறன் தேர்வு போன்றவற்றிற்கெல்லாம் மூதாதை எனத்தக்க அளவுகோலை ஆக்கித் தந்தவர் அவரே. ஆல்பிரட் பினே என்பது அவர் பெயர்.

பினே 1857ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் நீஸ் நகரில் பிறந்தார். தந்தையார் மருத்துவர், தாயார் ஓவியம் தீட்டுபவர். இளமையில் பாரிஸில் சட்டம் பயின்று 1878ஆம் ஆண்டில் பட்டமும் பெற்றார். ஆயினும் வழக்கறிஞர் தொழிலில் அவர் மனம் ஒன்றவில்லை. தேசிய நூலகத்தில் நாள்தோறும் அமர்ந்து, உளவியல் நூல்களைத் தாமாகவே கற்கலானார். ஆசிரியர் துணையின்றி அத்துறைக்குள் நுழைந்தவர் அவர்.

அதன்பின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில், புகழ்பெற்ற மருத்துவர் ஷார்க்கோவிடம் சேர்ந்து அறிதுயில் பற்றி ஆராய்ந்தார். காந்தத்தைக் கொண்டு நோயாளியின் உணர்வுகளை உடலின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்கு மாற்றலாம் என்று, தம் நண்பர் ஃபெரேயுடன் சேர்ந்து எழுதினார். பெல்ஜிய நாட்டு அறிஞர் டெல்பெஃப் இதனை மறுத்தார். நோயாளிகள் தங்களிடம் எதிர்பார்க்கப்படுவதை உணர்ந்துகொண்டு அவ்வாறே நடந்துகொள்கின்றனர் என்பது அவர் வாதம். தொடக்கத்தில் எதிர்த்து வாதாடிய பினே, பின்னர்த் தம் தவறை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அளப்பவரின் விருப்பம் அளவையே திரித்துவிடும் என்னும் பாடம் அன்று அவர் நெஞ்சில் ஆழப் பதிந்தது. பிற்காலத்தில் அவரைக் காத்தது அப்பாடமே.

1884ஆம் ஆண்டில் லோர் பல்பியானி என்னும் மங்கையை மணந்தார். மதலேன், அலீஸ் என இரு பெண்மக்கள் பிறந்தனர். மருத்துவமனையில் கற்றதைக் காட்டிலும் வீட்டில் இவ்விரு சிறுமியரிடம் அவர் கற்றது மிகுதி எனலாம். ஒரே தாய் தந்தை, ஒரே வீடு, ஒரே உணவு. ஆயினும் ஒருத்தி எதையும் கூர்ந்து நோக்கி உள்ளதை உள்ளபடி கூறுபவள். மற்றொருத்தி கற்பனையில் மிதப்பவள். இருவரும் அறிவுடையோரே, அறிவின் வகைதான் வேறு. இந்த ஆராய்ச்சியை 1903ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார்.

இதற்கிடையே 1891ஆம் ஆண்டில் சோர்போன் பல்கலைக்கழகத்து உளவியல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, 1894ஆம் ஆண்டில் அதன் இயக்குநரானார். சதுரங்க வல்லுநர்களையும், ஆடு மேய்த்த சிறுவனாக இருந்து மனக்கணக்கில் உலகை வியக்கவைத்த இனோதியையும் ஆராய்ந்தார். இத்தனை புகழ் இருந்தும் பாரிஸில் பேராசிரியர் பதவி அவருக்குக் கிட்டவேயில்லை. முயன்றும் பெறாத ஏமாற்றத்தை அவரும் அறிந்தவர்தாம்!

அக்காலத்தில் தலை பெரிதாயிருந்தால் அறிவும் பெரிது என்று கற்றோரும் நம்பினர். பினேயும் பள்ளிப் பிள்ளைகளின் தலைகளை அளக்கத் தொடங்கினார். கெட்டிக்காரப் பிள்ளைக்கும் மந்தமான பிள்ளைக்கும் இடையே கண்ட வேறுபாடு மிக அற்பமாயிருந்தது. அதுவும் தம் எதிர்பார்ப்பினால் விளைந்த பிழையாக இருக்கலாம் என்று ஐயுற்று, அவர் மீண்டும் அளந்து பார்த்தார். இறுதியில் அம்முறையையே கைவிட்டார். அறிவை அறிய வேண்டுமானால் அறிவு செய்யும் வேலையைப் பார்க்க வேண்டும் என்று தெளிந்தார்.

அவருடைய வாழ்வின் பெரும்பணி 1904ஆம் ஆண்டில் வந்தது. பிரான்சில் எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கு வரவேண்டும் என்னும் சட்டம் 1882ஆம் ஆண்டிலேயே ஏற்பட்டிருந்தது. பாடத்தைத் தொடர இயலாத பிள்ளைகளும் வகுப்பில் இருந்தனர். அவர்களுக்குத் தனிக் கல்வி அளிப்பது எவ்வாறு என ஆராயக் கல்வியமைச்சர் ஒரு குழு அமைத்தார். பினே அதில் உறுப்பினரானார். எந்தப் பிள்ளைக்குத் தனி வகுப்பு தேவை என்று யார் முடிவு செய்வது? ஆசிரியரின் எண்ணத்திற்கே விட்டுவிட்டால், குறும்பு செய்பவனும் வெட்கத்தால் வாய் திறவாதவளும் மந்தர் என்று முத்திரை குத்தப்படலாம் அன்றோ? ஒரு குழந்தையின் வாழ்வையே திசைமாற்றும் அம்முடிவுக்கு நடுநிலையான அளவுகோல் வேண்டும் என்று பினே கருதினார்.

தியோடர் சிமோன் என்னும் இளம் மருத்துவருடன் சேர்ந்து, 1905ஆம் ஆண்டில் 30 சோதனைகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார். எரியும் தீக்குச்சியைக் கண்ணால் தொடர்வதில் தொடங்கி, படத்திலுள்ள பொருளின் பெயரைச் சொல்லுதல், கேட்ட எண்களைத் திருப்பிச் சொல்லுதல், ஈக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் உள்ள வேறுபாட்டைக் கூறுதல் எனச் சோதனைகள் படிப்படியாகக் கடினமாகும். எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே கேள்விகள், ஒரே முறை. குழந்தையை அச்சுறுத்தாமல் அன்போடு பேசிப் பழகியபின்பே சோதிக்க வேண்டும் என்பதும் விதி. தரப்படுத்திய தேர்வு என்று இன்று நாம் கூறுவதன் கரு இங்கேதான் உருவாயிற்று.

1908ஆம் ஆண்டில் சோதனைகளை வயது வாரியாக, 3 வயது முதல் 13 வயது வரை அடுக்கினார். மூன்று வயதுப் பிள்ளை தன் மூக்கையும் கண்ணையும் வாயையும் தொட்டுக் காட்டும். ஐந்து வயதுப் பிள்ளை சதுரம் ஒன்றைப் பார்த்து வரையும். ஒரு வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் செய்யக்கூடியதே அவ்வயதிற்குரிய சோதனையாயிற்று. ஆகவே பினேயின் அளவுகோல் ஒரு பிள்ளையைத் தன்னையொத்த பிள்ளைகளோடு ஒப்பிட்டுக் காட்டியது. இதுவே நாம் மறவாது மனத்திற்கொள்ள வேண்டிய முதற்செய்தி. தேர்வின் எண் தனியே நின்று பொருள் தராது. யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதைக் கொண்டே அது பொருள் பெறும்.

இரண்டாம் செய்தி இதனினும் பெரிது. துணியை முழக்கோலால் அளப்பது போல அறிவை அளந்துவிட முடியாது என்பதில் பினே உறுதியாயிருந்தார். தம் சோதனை, அன்றைய நிலையில் குழந்தை எங்கே நிற்கிறது என்பதை மட்டுமே காட்டும். நாளை எங்கே நிற்கும் என்பதைக் காட்டாது. 1909ஆம் ஆண்டில் அவர் எழுதிய நூலில், அறிவு பிறவியிலேயே வரையறுக்கப்பட்டது, அதனை வளர்க்க இயலாது என்போரைக் கடுமையாகக் கண்டித்தார். கண்டித்ததோடு நில்லாமல், தனி வகுப்புப் பிள்ளைகளுக்குக் கவனத்தையும் நினைவாற்றலையும் வளர்க்கும் பயிற்சிகளை வகுத்தார். சிலை போல அசையாமல் நிற்கும் விளையாட்டு, ஒரு நொடி காட்டி மறைத்த பொருள்களை நினைவுகூரும் விளையாட்டு முதலியன அவை. பயிற்சியால் பிள்ளைகள் முன்னேறுவதைக் கண்டு மகிழ்ந்தார். குறையைக் கண்டுபிடிப்பது உதவி செய்வதற்காகவே என்பது அவர் கொள்கை.

மூன்றாம் செய்தியும் உண்டு. பிரஸ்ஸல்ஸ் நகரில் வசதியான குடும்பத்துப் பிள்ளைகளை அதே சோதனையால் சோதித்தபோது, அவர்கள் பாரிஸின் ஏழைப் பகுதிப் பிள்ளைகளைவிட முன்னே நின்றனர். வீட்டுச் சூழலும் பேச்சுப் பழக்கமும் எண்ணில் கலந்துவிடுகின்றன என்பதைப் பினே மறைக்கவில்லை.

1911ஆம் ஆண்டில் அளவுகோலை மறுபடியும் திருத்தினார். அவ்வாண்டு அக்டோபர் 18ஆம் நாள், 54 வயதிலேயே காலமானார். அதன்பின் அவருடைய கருவி வேறு கைகளுக்குச் சென்றது. 1912ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ஸ்டெர்ன், மனவயதை உண்மை வயதால் வகுக்கச் சொன்னார். ஆறு வயதில் இரண்டாண்டு பின்தங்குவதும் பன்னிரண்டு வயதில் இரண்டாண்டு பின்தங்குவதும் ஒன்றல்ல என்பதே காரணம். 1916ஆம் ஆண்டில் அமெரிக்கப் பேராசிரியர் டெர்மன் அதனை 100ஆல் பெருக்கி நுண்ணறிவு ஈவு என வழங்கினார். அம்முறைப்படி முன்னவருக்கு 67, பின்னவருக்கு 83 என வரும். அமெரிக்காவில் பலர் அவ்வெண்ணைப் பிறவி விதியாகவே கொண்டனர். 1926ஆம் ஆண்டில் கல்லூரி நுழைவுக்கான திறனறித் தேர்வை அங்கு உருவாக்கிய பிரிகம், தேர்வெண்களைக் கொண்டு மக்களினங்களை உயர்வு தாழ்வு கூறியிருந்தவர். 1930ஆம் ஆண்டில் தம் முடிவு ஆதாரமற்றது என அவரே திரும்பப் பெற்றுக்கொண்டார். பினே அஞ்சியது வீண் அச்சமன்று என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

இனி, நம் தோழியின் கண்ணீருக்கு வருவோம். 2008ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற நம் உதவித்தொகைத் திட்டத்தில் மனத்திறனுக்கு 90 வினாக்கள், படிப்பறிவுக்கு 90 வினாக்கள். பொதுப் பிரிவினர் இரண்டிலும் சேர்த்து 40 விழுக்காடும், ஆதிதிராவிடர், பழங்குடியினர் 32 விழுக்காடும் பெற்றாலே தகுதி பெற்றவராவர். ஆனால் நாடு முழுவதற்கும் உதவித்தொகைகள் ஓராண்டுக்கு ஒரு இலட்சம்தான். மாநிலந்தோறும் எண்ணிக்கை வரையறுக்கப்பட்டுள்ளது. ஆகவே தகுதி மதிப்பெண்ணைத் தாண்டியும் பட்டியலில் இடம் பெறாதவர் பலர். அவர்கள் தோற்றவரல்லர்; இடம் தீர்ந்தபின் வந்து நின்றவர்கள். கடைசி இடம் பெற்றவளுக்கும் இடம் பெறாத முதல்வளுக்கும் இடையே ஓரிரு மதிப்பெண்ணே இருக்கலாம். அன்றைய தலைவலியோ, அவசரத்தில் மாற்றிக் குறித்த ஒரு விடையோ போதும், அவ்வளவு வேறுபாட்டை உண்டாக்க. கோடு போட்டுத்தானே ஆகவேண்டும்? கோட்டின் இப்பக்கம் அறிவு, அப்பக்கம் அறியாமை என்று மட்டும் நாம் கொள்ளலாகாது.

நம் தோழியிடம் பினேயின் கதையைக் கூறினோம். அவள் தன் விடைகளை விடைக்குறிப்போடு ஒப்பிட்டுப் பார்த்தாள். கணக்கிலும் அறிவியலிலும் நன்றாகச் செய்திருந்தாள். எண் தொடர்களிலும் உருவ ஒப்புமையிலும்தான் தவறியிருந்தாள். அவற்றை அவள் அதற்கு முன் பழகியதே இல்லை! எது பழகவில்லை என்று தெரிந்துவிட்டால், எதைப் பழக வேண்டும் என்பதும் தெரிந்துவிட்டது. இன்று மதிய இடைவேளையில், எட்டாம் வகுப்புத் தங்கையருக்கு எண் தொடர் சொல்லிக்கொடுப்பவள் அவளே.

தோழியரே, மதிப்பெண்ணை இகழவும் வேண்டா. அதற்கு அடிமையாகவும் வேண்டா. இன்று எங்கே நிற்கிறோம் என்று காட்டும் வழிகாட்டி மரம் அது. மரத்தைப் பார்த்து அழுது அங்கேயே அமர்ந்துவிடுவோர் ஊர் போய்ச் சேர்வதில்லை. பார்த்து, தெளிந்து, நடப்போம்!