தஞ்சை வேதநாயக சாஸ்திரியார்

 இந்த மாதச் சுவர் இதழில் ஒரு பெரும் புலவரின் வாழ்க்கையை எழுதுகிறேன். வேதநாயகம் என்றதும் எல்லோருக்கும் மாயூரம் வேதநாயகம் பிள்ளைதான் ஞாபகம் வரும். அதுதாங்க, தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரத்தை எழுதினவர். இவர் வேறு. அவருக்கு ஐம்பது வருஷம் முன்னாடியே பிறந்தவர். இரண்டு பேரும் கிறிஸ்தவர்கள், இரண்டு பேரும் காவிரிக்கரை ஊர்களில் வாழ்ந்தவர்கள். அதனால் நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள்.

வேதநாயக சாஸ்திரியார் 1774-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். அப்பா பெயர் தேவசகாயம். அவருடைய பழைய பெயர் அருணாசலம். கிறிஸ்தவரான பிறகு பெயரை மாற்றிக்கொண்டார். அந்தச் சமயம் பாளையங்கோட்டையில் குளோரிந்தா என்ற விதவை அம்மையார் ஒரு கோயில் கட்டினார். மாதா கோயிலைத்தான் அப்போது அப்படிச் சொல்வார்கள். அதைத் திறந்து வைக்க 1785-இல் தஞ்சாவூரிலிருந்து ஸ்வார்ட்ஸ் ஐயர் வந்தார். ஐயர் என்றால் இங்கே பாதிரியார். அவர் ஜெர்மனியில் பிறந்து, 1750-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கி, தமிழ் கற்றுக்கொண்டவர். பாளையங்கோட்டைக்கு வந்த இடத்தில் இந்தப் பையனைப் பார்த்தார். கெட்டிக்காரனாக இருக்கிறானே என்று, அப்பாவிடம் கேட்டுத் தன்னோடு தஞ்சாவூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பையனுக்கு அப்போது பதினொன்று, பன்னிரண்டு வயசுதான். நம்ம பள்ளியில் ஆறாம் வகுப்புப் படிக்கிற தம்பிகளை நினைத்துப் பாருங்கள். அந்த வயசில் வீட்டை விட்டு அவ்வளவு தூரம்!

தஞ்சாவூரில் ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் இன்னொரு பையனும் பாடம் கேட்டான். அவன் இளவரசன் சரபோஜி. வேதநாயகத்தை விட மூன்று வயசு சின்னவன். சரஸ்வதி மகால் நூலகத்தைப் பெரிதாக்கினார் என்று சமூக அறிவியலில் படிக்கிறோமே, அதே சரபோஜி மன்னர்தான். ஒரே வாத்தியாருக்கு இரண்டு மாணவர்கள். ஒருவர் ராஜா ஆனார், ஒருவர் கவிராயர் ஆனார். ராஜா கடைசி வரை இந்துவாகவே இருந்தார். ஆனால் 1798-இல் ஸ்வார்ட்ஸ் ஐயர் இறந்தபோது அவருக்காக இங்கிலாந்துச் சிற்பி ஃபிளாக்ஸ்மேனிடம் சொல்லிச் சலவைக்கல்லில் நினைவுச் சின்னம் செய்யச் சொன்னார். அது இன்றும் தஞ்சாவூர் சிவகங்கைப் பூங்கா பக்கத்துக் கோயிலில் இருக்கிறது. குருவின் படுக்கை ஓரம் மன்னர் நிற்பது போல அதில் செதுக்கியிருக்கிறார்கள்.

வேதநாயகம் தரங்கம்பாடிக்கும் போய்ப் படித்தார். திரும்பி வந்ததும் பத்தொன்பது வயசிலேயே தஞ்சாவூர்ப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியர் ஆகிவிட்டார். இப்போது டீச்சர் டிரெயினிங் முடிக்கவே அந்த வயசு ஆகிவிடுகிறது!

அவருக்கு முன்னால் ஒரு பெரிய கஷ்டம் இருந்தது. தமிழில் புதிய ஏற்பாடு 1715-லேயே தரங்கம்பாடியில் அச்சாகிவிட்டது. ஆனால் புத்தகம் இருந்தால் போதுமா? அந்தக் காலத்தில் எத்தனை பேருக்கு எழுத்துக் கூட்டத் தெரியும்? வயலில் நிற்கிறவர்களுக்கும் அடுப்படியில் இருக்கிற பெண்களுக்கும் தெரியாது. அவர்களுக்குத் தெரியாத கதை அவர்களுடைய பிள்ளைகளுக்கு எப்படிப் போய்ச் சேரும்? பிள்ளைக்குக் கதை அம்மா வாயிலிருந்துதானே வர வேண்டும்?

அதற்குச் சாஸ்திரியார் செய்த வேலைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஜனங்கள் ஏற்கெனவே என்ன மெட்டில் பாடுகிறார்களோ அதையே எடுத்தார். ஞான ஏற்றப்பாட்டு என்று ஒன்று எழுதினார். நம்ம ஊர்ப்பக்கம் ஏற்றம் கிடையாது, கவலைதான். மாடு கட்டிக் கிணற்றிலிருந்து தண்ணீர் இழுப்பார்கள். எங்கள் அப்பாரு கவலை ஓட்டும்போது பாட்டுப் பாடிக்கொண்டேதான் ஓட்டுவார் என்று அப்பத்தா சொல்லும். தஞ்சாவூர்ப் பக்கம் மாட்டுக்குப் பதிலாக ஆளே மரத்தின் மேல் முன்னும் பின்னும் நடந்து நடந்து இறைப்பார். எத்தனை சால் ஆச்சு என்று எண்ணுவதற்கும் களைப்புத் தெரியாமல் இருப்பதற்கும் பாட்டு. சாஸ்திரியார் அந்தப் பாட்டுக்குள் வேதத்தைக் கொண்டுபோய் வைத்துவிட்டார். நொண்டி நாடகம் என்ற நாடக வகையிலும் எழுதினார், ஞானத்தச்ச நாடகமும் எழுதினார். நூறுக்கும் மேற்பட்ட நூல்கள் என்கிறார்கள். இப்போது இருந்திருந்தால் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் அக்காக்களுக்கும் ஒரு பாட்டுக் கட்டியிருப்பார் என்று நினைக்கிறேன்.

எல்லாவற்றிலும் பேர் போனது பெத்லகேம் குறவஞ்சி. 1800-இல் எழுதியது. திருக்குற்றாலக் குறவஞ்சி நமக்குத் தெரியும். வசந்தவல்லி பந்தடிப்பாள், குறத்தி வந்து மலை வளம் சொல்லுவாள், குறி சொல்லுவாள், சிங்கன் பறவை பிடிக்க வலை போடுவான். இதிலும் எல்லாம் அப்படியே வரும். ஆனால் தலைவி பெயர் தேவமோகினி. தலைவன் பெத்லகேம் நாதர். குறத்திதான் விசுவாசம். சிங்கன் விரிக்கிற வலையில் விழுவது நிஜப் பறவை இல்லை, மனுஷருடைய ஆத்துமா. குறத்தி குற்றால மலையை மட்டும் சொல்லி நிறுத்தாமல் உலகத்திலுள்ள தேசங்களையே சொல்லுகிறாள். பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்ற புது வானசாஸ்திரமும் அதில் வருகிறது. அதாவது பாட்டுப் படித்தால் பூகோளமும் அறிவியலும் சேர்ந்து வந்துவிடும். தலைமை ஆசிரியர் புத்தி போகுமா!

அதே காலத்தில் அதே தஞ்சாவூரில் சரபோஜி மன்னர் மேலும் ஒரு குறவஞ்சி இருந்தது. சிவக்கொழுந்து தேசிகர் பாடிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சி. பெரிய கோயில் திருவிழாவில் அதை ஆடுவார்கள். மன்னர் சாஸ்திரியாரையும் கூப்பிட்டுப் பெரிய கோயில் ஈசன் மேல் பாடச் சொன்னாராம். இவர் வீட்டுக்கு வந்து இரவெல்லாம் கலங்கி, தம் இயேசுவின் மேலேயே ஒரு பாட்டைப் பாடிக்கொண்டு மறுபடி போய் நின்றாராம். சம்பளம் கொடுக்கிற ராஜாவிடம் முடியாது என்பது லேசான காரியமா? ஆனாலும் மன்னர் கோபித்துக்கொள்ளவில்லை என்று சொல்கிறார்கள். இது வாய்வழியாக வந்த கதை.

ராஜாவோடு வராத சண்டை சொந்தச் சபையோடு வந்தது. 1820-களில் புதிதாக வந்த வெள்ளைக்காரப் பாதிரியார்கள் பல வழக்கங்களை மாற்றினார்கள். சாஸ்திரியார் முக்கியமாக நான்கு குறைகளைச் சொன்னார். ஜனங்கள் மனப்பாடமாக வைத்திருந்த பழைய வேதாகம வசனங்களைத் திருத்தி மாற்றுகிறார்கள். பண்டிகைக்குப் பூ வைக்கக் கூடாது என்கிறார்கள். கோயிலில் தமிழ்ப் பாட்டும் வாத்தியமும் வேண்டாம் என்கிறார்கள். இந்த மூன்றிலும் நான் அவர் கட்சிதான். பாட்டு இல்லாவிட்டால் பிள்ளைகள் எதை வைத்துக் கதையை ஞாபகம் வைக்கும்? நான்காவது குறைதான் நெருடுகிறது. எல்லாச் சாதிக்காரரும் ஒரே பாத்திரத்தில் நற்கருணை குடிக்க வேண்டும், சேர்ந்து உட்கார வேண்டும் என்று அந்தப் பாதிரியார்கள் சொன்னார்கள். சாஸ்திரியார் அதை எதிர்த்தார். சாதி வழக்கத்துக்கு ஆதரவாகப் புத்தகமே எழுதினார். நாம் சத்துணவுக்கு ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். ஏற்றம் இறைக்கிறவர் பாட்டை எடுத்துக் கோயிலுக்குள் வைத்த மனுஷர், அந்த ஆளைத் தன் பக்கத்தில் உட்காரச் சொல்லவில்லையே! அவர் புலமை பெரிது என்பதால் இதை மறைத்து எழுத எனக்கு மனசு வரவில்லை. அவர் பேரைச் சொல்கிற இடத்தில் இதையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்தச் சண்டையில் அவர் வேலை போயிற்று. பழைய பள்ளித் தோழர் சரபோஜிதான் ஆதரவு கொடுத்தார். 1832-இல் அவரும் இறந்துவிட்டார். அப்புறம் கஷ்ட காலம். ஆனால் பாட்டை விடவில்லை. ஊர் ஊராகப் போய்க் கதையும் பாட்டுமாகச் சொன்னார். சுவிசேடக் கவிராயர் என்ற பட்டப்பெயரே அவருக்கு நிலைத்துவிட்டது.

அப்புறம் நடந்ததுதான் ஆச்சரியம். எந்தப் பாட்டைக் கோயிலில் பாட வேண்டாம் என்றார்களோ, அதையே தேடி மதுரை அமெரிக்கன் மிஷனைச் சேர்ந்த வெப் பாதிரியார் வந்தார். 1853-இல் கிறிஸ்தவக் கீர்த்தனைகளைப் புத்தகமாகப் போட்டார். சாஸ்திரியார் பாடல்கள் அதில் இடம் பெற்றன. அப்போது அவருக்கு எழுபத்தொன்பது வயசு. இன்னும் பதினொரு வருஷம் இருந்து, 1864 ஜனவரி 24-இல் காலமானார்.

நம்ம பக்கத்து ஈரோட்டிலும் பாப்ளி என்ற ஆங்கிலேயப் பாதிரியார் இருந்தார். 1931-இல் திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். இருபதாம் நூற்றாண்டில் அவர் கர்நாடக சங்கீதம் கற்றுக்கொண்டு, வெள்ளைக்காரராக இருந்தும் காலட்சேப முறையில் பாடிப் பாடியே பைபிள் கதை சொன்னார். தஞ்சாவூரில் சாஸ்திரியார் வம்சத்தில் வந்தவர்களும் தலைமுறை தலைமுறையாக வேதநாயக சாஸ்திரியார் என்ற பெயரையே வைத்துக்கொண்டு, ஆறாவது தலைமுறை வரை கதாகாலட்சேபம் செய்து வந்திருக்கிறார்கள். கிறிஸ்தவத் தோழிகள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனால் கடைசியில் ஒரு மங்களப் பாட்டுப் பாடுவார்கள், கவனித்திருப்பீர்கள். புத்தகம் பார்க்காமலே பாட்டிகளும் குழந்தைகளும் சேர்ந்து பாடுவார்கள். அதை எழுதியது இவர்தான்.